பெயர்ப்பலகை எழுதும் தொழில்



தோட்டத்து நுழைவாயிலில் நின்று சுற்றிப் பாருங்கள். தோட்டத்தின் பெயர், பள்ளியின் பெயர், கோயிலின் பெயர், மருந்துக் கிடங்கின் கதவில் 'அபாயம்' என்னும் எச்சரிக்கை. இவை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் அளந்து, வரைந்து, எழுதியிருக்கின்றார். அவருடைய தொழிலைப் பற்றியே இங்கு நாம் அறியப் போகின்றோம்.

"வளர்ந்தபின் என்னவாக விரும்புகின்றாய்?" என்று கேட்டால், மருத்துவர், ஆசிரியர், வழக்கறிஞர் என்றே விடை வருகின்றது. அவை நல்ல விருப்பங்களே. ஆயினும், கைத்திறனும் எழுத்தறிவும் ஒருங்கே வாய்த்த பிள்ளைக்குப் பெயர்ப்பலகைத் தொழிலும் மதிப்புடைய வாழ்வைத் தரவல்லது.

அன்றைய முறை

முன்னாளில் எல்லாம் கையாலேயே நடந்தன. பலகையை உப்புத்தாளால் தேய்த்து, அடிவண்ணம் பூசி, உலர்ந்தபின் எனாமல் வண்ணத்தால் எழுதினர். சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். கை நடுங்காதிருக்க, நுனியில் துணி சுற்றிய கோலொன்றின்மீது மணிக்கட்டைத் தாங்கிக்கொள்வர். ஒரே எழுத்தைப் பல பலகைகளில் எழுத வேண்டுமாயின், தாளில் வரைந்து, கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, அதன்மேல் பொடியைத் தட்டுவர். துளையிட்ட குழாயை உருட்டிக் கோலம் போடுகின்றோமே, அதே நுணுக்கந்தான் இது.

இன்றைய முறை

1910ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஜார்ஜ் கிளாட் என்பவர் நியான் விளக்கை மக்கள் முன் ஒளிரச் செய்தார். அதன்பின் இரவிலும் பெயர்கள் மின்னின. இன்று அவ்விடத்தைப் பெரும்பாலும் எல்.இ.டி. விளக்குகள் பிடித்துக்கொண்டன. 1980களில் கணினியின் துணையால் வினைல் தாளில் எழுத்துகளை வெட்டும் பொறி பரவத் தொடங்கியது. பின்னர், பெரிய பதாகைகளை ஒரே மூச்சில் அச்சிடும் பொறிகளும் வந்தன. பொறி மாறினாலும் அளவும் இடைவெளியும் நிறப்பொருத்தமும் மாறவில்லை.

அளவு

எழுத்து எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும்? தொழிலாளர் கைக்கொள்ளும் எளிய கணக்கு ஒன்றுண்டு. பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம். அதாவது, ஏறக்குறைய 3 மீட்டருக்கு 2.5 செண்டிமீட்டர். 30 மீட்டர் தொலைவிலிருந்து நன்கு படிக்க வேண்டுமாயின், எழுத்து 25 செண்டிமீட்டர் உயரமிருத்தல் நலம். மஞ்சளின்மேல் கறுப்பு தெளிவாகத் தெரியும்; மஞ்சளின்மேல் வெள்ளை மறைந்துபோகும்.

தமிழ் எழுதுவோர் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 'ர' ஒடுங்கியது, 'ணை' அகன்றது. மேலே புள்ளிக்கும் விலங்குக்கும், கீழே 'கு', 'மு' போன்றவற்றின் வளைவுகளுக்கும் இடம் விடுதல் வேண்டும். ஆகவே, வரி முழுவதையும் முதலில் மெல்லிய கோட்டால் வரைந்து பார்த்த பின்னரே வண்ணத்தைத் தொடுதல் வேண்டும்.

1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. பின்னர் மலேசியாவும் சிங்கப்பூரும் அதனை ஏற்றுக்கொண்டன. பழைய கோயிற் பலகைகளில் முந்தைய வடிவங்களைக் காண நேர்ந்தால், அவற்றைப் பிழையென்று எண்ணற்க.

விதி

நம் நாட்டில் கடைப் பெயர்ப்பலகை வைக்க ஊராட்சி மன்றத்தின் உரிமம் வேண்டும். தேசிய மொழி முதன்மை பெற்றிருத்தல் வேண்டும். மலாய்ச் சொற்களைச் சரிபார்த்து உறுதி செய்யும் பணியை டேவான் பஹாசா டான் புஸ்தாகா ஆற்றுகின்றது. எனவே, இத்தொழிலை மேற்கொள்வோர் மலாயும் பிழையற அறிந்திருத்தல் வேண்டும்.

நம் பொறுப்பு

ஒரு விழாவுக்காக நாங்கள் பதாகையொன்று செய்வித்தோம். விழாவுக்கு முந்திய மாலை அது வந்து சேர்ந்தது. விரித்துப் பார்த்தபோது திடுக்கிட்டோம். புள்ளிகள் பல காணாமற் போயிருந்தன. எழுத்தின் முன்னே நிற்கவேண்டிய கொம்புகள் பின்னே போய் நின்றன. கணினியின் எழுத்துரு செய்த குழப்பம் அது. அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாது. பிழை அவர் கண்ணில் படவில்லை. அவரைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. அச்சேறுமுன் பார்த்து ஒப்புதல் தரவேண்டியவர்கள் நாங்களே அல்லவா? அன்றிரவே தாளும் தூரிகையும் கொண்டு கையால் எழுதி முடித்தோம்.

'பள்ளி' 'பல்லி'யானால் ஊர் சிரிக்கும். 'அபாயம்' என்பது படிக்க இயலாதபடி சிதைந்தாலோ, உயிருக்கே கேடு நேரலாம். பொறியை எவரும் இயக்கலாம். அப்பொறி எழுதியது சரியா என்று சொல்லத் தமிழ் கற்ற கண் வேண்டும். தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இத்தொழிலில் உள்ள தனி வலிமை இதுவேயாகும்.

பெற்றோர்களே, சுவரில் கிறுக்கும் பிள்ளையைக் கடிந்து ஒதுக்காதீர்கள். தாளும் வண்ணமும் வாங்கிக் கொடுங்கள். இடைநிலைப் பள்ளியை முடித்தபின் வரைகலையும் அச்சுக்கலையும் பயிற்றும் தொழிற்கல்விக் கூடங்கள் நாட்டில் உள்ளன.

செய்து பார்ப்போம்

1. உங்கள் வகுப்பறைக்கு ஒரு பெயர்ப்பலகை வரைக. 12 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க எழுத்தின் உயரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்?

2. பள்ளிக்கு வரும் வழியில் காணும் தமிழ்ப் பலகைகளுள் பிழையுள்ளவற்றைக் குறித்துவந்து, ஆசிரியரிடம் காட்டித் திருத்தி எழுதுக.