கதவுக்கு அடியில் இருக்கும் செருப்பு

அன்புள்ள கயல்,

நியூயார்க்கின் பிராங்க்ஸில் வீடு கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் நீ அனுப்பிய படத்தில் ஒன்று என் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது, சாமான் எடுத்து வரத் தொல்லையாக இருக்கிறது என்று உன் தோழிகள் அதற்கு அடியில் ஒரு பழைய செருப்பைச் செருகி வைத்திருக்கிறார்கள். இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எழுந்து போய் அதை எடுத்துவிடு. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தீ அறிவிப்பை யார் எழுதுகிறார்கள், எந்தச் சட்டப்படி ஒட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தாயே, அதற்கும் செருப்புக்கும் சம்பந்தம் உண்டு.

2017 டிசம்பர் கடைசியில் உன் பிராங்க்ஸிலேயே ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளத்தில், சின்னப் பிள்ளை அடுப்போடு விளையாடித் தீப்பிடித்தது. தாய் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். பின்னால் கதவு திறந்தபடியே நின்றுவிட்டது. மாடிப்படி வழியாகத் தீ மேலேறியது. 13 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே நகர மன்றம் ஒரு சட்டம் போட்டது: மூன்று குடித்தனமோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களில், நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் திறக்கும் கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்ள வேண்டும். 2021 ஜூலை 31 கெடு.

கெடு முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2022 ஜனவரி 9 அன்று, அதே பிராங்க்ஸில் 19 மாடிக் கட்டடம் ஒன்றில் அறையைச் சூடாக்கும் ஹீட்டரிலிருந்து தீப்பற்றியது. தீ பெரிதாகப் பரவவில்லை. அந்த வீட்டையும் அதை ஒட்டிய நடையையும் தாண்டவில்லை. ஆனால் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளவில்லை. மேலே 15ஆவது மாடியில் படிக்கட்டுக் கதவும் திறந்து கிடந்தது. புகை முழுக் கட்டடத்திலும் ஏறியது. 17 பேர் இறந்தார்கள், அதில் 8 பேர் குழந்தைகள். சட்டம் இருந்தது, கயல். கீலில் இருக்க வேண்டிய ஸ்பிரிங் வேலை செய்யவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். அந்த அறிவிப்பு தீ விதிகளின்படி ஒட்டப்படுவது; அந்த விதிகள் எப்படி வருகின்றன என்று சொல்கிறேன். அமெரிக்காவில் பெரும்பாலான நகரங்கள் தீ விதிகளைத் தாமே உட்கார்ந்து முதலிலிருந்து எழுதுவதில்லை. ‘இன்டர்நேஷனல் கோட் கவுன்சில்’ போன்ற தனியார் அமைப்புகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஒரு மாதிரிப் புத்தகம் வெளியிடும். ‘இந்தப் புத்தகத்தின் இந்தப் பதிப்பே இனி எங்கள் ஊர்ச் சட்டம், இன்னின்ன மாற்றங்களோடு’ என்று ஊர் மன்றம் தீர்மானம் போட்டால் முடிந்தது. நியூயார்க் மாநிலத்துக்குப் பொதுவான விதித்தொகுப்பு ஒன்று உண்டு, ஆனால் அது நியூயார்க் நகரத்துக்குச் செல்லாது. நகரம் அந்த மாதிரிப் புத்தகத்தைத் தன் நெரிசலுக்கும் உயரத்துக்கும் ஏற்பத் திருத்தி, 2008 ஜூலை 1 முதல் தன் சொந்தத் தீ விதித்தொகுப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2014இல் ஒரு திருத்தம். இப்போதைய பதிப்பு 2022 ஏப்ரல் 15இல் அமலானது. தீயணைப்புத் துறை வரைவு தயாரிக்கும், நகர மன்றம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நிறைவேற்றும், பிறகு மேயரிடம் போகும்.

தனியார் எழுதிய புத்தகம் சட்டமாகிவிட்டால், அது யாருடையது? இந்தக் கேள்விதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். டெக்சாஸில் பீட்டர் வீக் என்ற ஒருவர் அன்னா, சவாய் என்ற இரண்டு சிறிய ஊர்களின் கட்டட விதிகளைத் தன் இணையதளத்தில் போட விரும்பினார். அந்த ஊர்கள் ஏற்றிருந்த மாதிரித் தொகுப்பை 72 டாலர் கொடுத்து வாங்கி, அப்படியே ஏற்றினார். எழுதிய அமைப்பு பதிப்புரிமை கேட்டது. கீழ்க்கோர்ட்டில் வீக் தோற்றார். 2002இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது: மாதிரியாக இருக்கும்வரை உரிமை உங்களுடையது, சட்டமாகிவிட்டால் அது ஊர்ச் சொத்து. இதே சண்டை வேறு நீதிமன்றங்களில் வேறு வடிவங்களில் தொடர்ந்தது. நான் மனதார அந்த மனிதர் பக்கம்தான். கட்டுப்பட வேண்டியவன் படிக்கக் காசு கட்ட வேண்டும் என்பது அநியாயம். நியூயார்க்கின் தொகுப்பை நீ தீயணைப்புத் துறையின் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம்.

படிக்கும்போது ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் கதவைப் பற்றிய அந்த 2018 சட்டத்தை நீ தீ விதித்தொகுப்பில் தேடினால் கிடைக்காது. குடியிருப்புப் பராமரிப்பு விதிகளுக்குள் இருக்கிறது. மின்சைக்கிள் பேட்டரிக்குத் தரச்சான்று வேண்டும் என்ற 2023ஆம் ஆண்டுச் சட்டம் நுகர்வோர் பகுதியில் இருக்கிறது. தீயைப் பற்றிய சட்டம் தீயின் பெயரிலேயே இருக்கும் என்று நம்பித் தேடாதே.

மாற்றுவதற்கும் பல வழிகள் உண்டு. மன்றம் திருத்தலாம். தீயணைப்புத் துறை ஆணையர் நுணுக்கமான விதிகளைத் தாமே வகுக்கலாம், ஆனால் நகரத்தின் ‘சிட்டி ரெக்கார்டு’ இதழில் முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்ட பிறகுதான். ஒரு கட்டடத்தில் விதியை அப்படியே நிறைவேற்ற நடைமுறையில் முடியாதபோது, பாதுகாப்பு குறையாத மாற்று வழியைக் காட்டி ஆணையரிடம் விண்ணப்பிக்கவும் இடமுண்டு. புதிய விதி எல்லாப் பழைய கட்டடத்தையும் தொடும் என்று எண்ணிவிடாதே. குடியிருப்புகளில் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம் என்ற 1999ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாகக் கட்டுபவற்றுக்கும் பெரிதாகப் புதுப்பிப்பவற்றுக்கும்தான். உன்னுடையது எப்போது கட்டியது என்று கேட்டுத் தெரிந்துகொள்.

மன்றத்தின் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றில் நானும் பேசியிருக்கிறேன். குயின்ஸில் நாங்கள் இருந்த வீட்டுக் கதவு பாதியில் நின்றுவிடும். வீட்டுக்காரரிடம் பலமுறை சொல்லியும் பலனில்லாமல் நகரத்தின் புகார் எண்ணான 311க்கு அழைத்தேன். ஆய்வாளர் வந்தார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை விட்டார். அது நகரவே இல்லை. குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினார். பத்து நாளில் புதுக் கீல் வந்தது. அந்த ஒரு வரியைத்தான் கூட்டத்தில் சொன்னேன். தமிழ் நெடியடிக்கும் ஆங்கிலத்தில், இரண்டே நிமிடம். கேட்டுக்கொண்டார்கள்.

செருப்பை எடுத்துவிட்டாயா? இப்போது கதவை ஒரு சாண் திற. கையை விடு. அது தானாகப் போய், தாழ்ப்பாளின் நாக்கு ‘டக்’கென்று விழ வேண்டும். பிறகு நன்றாக விரியத் திறந்து இன்னொரு முறை விடு. எங்கேயாவது நின்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவி, தேதி போட்டு. ஒரு வாரத்தில் ஆள் வரவில்லையென்றால் 311. என்ன ஆயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அத்தை