அலைக்குப் போகும் சாஆ பிள்ளைகளுக்கு

ஜொகூரின் சாஆவில் நின்றுகொண்டு எந்தத் திசையில் பார்த்தாலும் செம்பனைதான். தென்மேற்கே பத்து பகாட் பக்கம் போனால் மலாக்கா நீரிணை. சுமத்ரா குறுக்கே கிடப்பதால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி அலை எழாது. சறுக்குகிற அலை வேண்டுமென்றால் தென்சீனக் கடலுக்குத்தான் போக வேண்டும். செனாய்–டெசாரு விரைவுச்சாலை வந்த பிறகு அதுவும் எளிதாகிவிட்டது. காலையில் யோங் பெங்கில் நெடுஞ்சாலை ஏறினால், வெயில் ஏறுவதற்குள் டெசாருவை ஒட்டிய பத்து லாயார் கடற்கரையில் இறங்கிவிடலாம். காரின் மேல் பலகையைக் கட்டிக்கொண்டு நம் பிள்ளைகள் போவதைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

போங்கள். ஆனால் ஒன்று. ‘ஸ்டோக்ட்’, ‘நார்லி’ என்று பேசக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் ‘டிராப் இன்’ என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறார்கள். அலைச்சறுக்கில் பெருமைக்குப் பேசுகிற சொற்கள் உண்டு. உயிரைக் காக்கிற, சண்டையைத் தவிர்க்கிற சொற்களும் உண்டு. இரண்டாவது வகையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அந்த வரிசையில்தான் எழுதுகிறேன்.

1. முதல் சொல் ‘ரிப்’. கரைக்கு வந்து குவிகிற தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி தேடும். மணல்மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே ஒடுங்கி, கடலை நோக்கி வேகமாக ஓடும். அந்த ஓட்டம்தான் ரிப். பலமான ரிப் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போகும். ஒலிம்பிக் நீச்சல்காரரே அதை எதிர்த்துக் கரைக்கு வரத் திணறுவார். இதில் ஒரு சூது இருக்கிறது. ரிப் ஓடும் இடத்தில் அலை உடைவது குறைவு. இரண்டு பக்கமும் நுரை பொங்கும்போது நடுவில் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். புதியவர் அந்த அமைதியைப் பார்த்துத்தான் அங்கே இறங்குவார். பழகியவர்கள் அதே இடத்தை ‘சேனல்’ என்பார்கள். கை அதிகம் வலிக்காமல் உள்ளே போவதற்கு அதையே வழியாக வைத்துக்கொள்வார்கள்.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். பலகையை விடாதீர்கள், அது மிதக்கும், நீங்களும் மிதப்பீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் துடுப்பிட்டு, நுரை தெரியும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே உங்களைக் கரையில் தள்ளும். முடியவில்லை என்றால் ஒரு கையைத் தூக்கி அசைத்துக் கத்துங்கள். அதில் வெட்கம் என்ன இருக்கிறது?

நீச்சல் தெரியாதவர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொண்டு, நீச்சல் குளத்துக்குப் போய்க் கற்றுவிட்டு வந்து இரண்டாம் எண்ணைப் படியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2. காலம். தீபாவளிப் பலகாரம் தீர்ந்ததும் நம் பக்கத்து அலை தொடங்கும். தைப்பூசம் தாண்டி மாசி வரை இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் காரணம். வடக்கே ஆசியப் பெருநிலம் குளிர்ந்து கிடக்க, அங்கிருந்து புறப்படும் காற்று தென்சீனக் கடல் முழுவதையும் தேய்த்துக்கொண்டு வந்து நம் கிழக்குக் கரையில் அலையைக் கொட்டும். மற்ற மாதங்களில் டெசாரு பெரும்பாலும் தட்டைதான். இலங்கையில் பொத்துவிலுக்கு அருகே உள்ள அறுகம்பேயில் இது நேர் எதிர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அங்கே கூட்டம்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. நமக்கு அலை வருகிற மாதங்கள்தாம் கடல் ஆளைக் கொல்கிற மாதங்களும். மலேசிய வானிலைத் துறையான மெட் மலேசியாவின் கடல் எச்சரிக்கையைப் பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். அதில் முதல் நிலை எச்சரிக்கை என்றாலே 3.5 மீட்டர் வரை அலை என்று பொருள். கரையில் சிவப்புக் கொடி பறந்தால் மீன் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

3. காற்றுக்கு இரண்டு பெயர். கடலிலிருந்து கரைக்கு வீசினால் ‘ஆன்ஷோர்’, கரையிலிருந்து கடலுக்கு வீசினால் ‘ஆஃப்ஷோர்’. ஆன்ஷோர் அலையின் முதுகில் தள்ளிச் சீக்கிரம் குலைத்துவிடும். தண்ணீர் கரடுமுரடாகும், அதுதான் ‘சாப்பி’. ஆஃப்ஷோர் அலையின் முகத்தைத் தாங்கி நிமிர்த்தும். காற்றே இல்லாமல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தால் ‘கிளாஸி’. நம் பருவக்காற்று நேராகக் கரையை நோக்கித்தான் வருகிறது, அதனால் ஜொகூரில் பாதி நாள் சாப்பிதான். விடிகாலையில் காற்று எழும்புவதற்கு முன் தண்ணீரில் இருப்பவருக்குத்தான் நல்ல அலை. அறுகம்பேக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் என்று சொல்கிற தென்மேற்குக் காற்று அங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசும்.

முன்னறிவிப்பில் ‘பீரியட்’ என்று ஓர் எண் இருக்கும். ஓர் அலை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே போகிற வினாடிகள் அது. தொலைதூரப் புயலில் பிறந்து வருகிற ‘ஸ்வெல்’லுக்கு 12, 14 வினாடி இருக்கும், அதில் வலு அதிகம். நம் கடலில் பெரும்பாலும் பத்துக்குக் கீழேதான். அலையின் உயரத்தை மட்டும் பார்த்து மயங்காமல் இந்த எண்ணையும் பாருங்கள்.

4. அலைக்கு உறுப்புகள் உண்டு. முதலில் உடைகிற உச்சி ‘பீக்’. முன்னால் கவிழ்கிற விளிம்பு ‘லிப்’. நீங்கள் சறுக்க வேண்டிய சரிவு ‘ஃபேஸ்’. இன்னும் உடையாமல் சாய்ந்திருக்கும் பக்கம் ‘ஷோல்டர்’. உடைந்த பிறகு வருகிற நுரை ‘வொயிட் வாட்டர்’. முதல் நாட்களில் உங்கள் இடம் அந்த நுரைதான், இடுப்பளவு தண்ணீரில். முழு நீளமும் ஒரே நேரத்தில் கவிழ்ந்துவிட்டால் அது ‘குளோஸ் அவுட்’. அதில் சறுக்க ஒன்றும் கிடையாது, விட்டுவிடுங்கள்.

‘லெஃப்ட்’, ‘ரைட்’ இரண்டையும் கரையில் நிற்பவர் கணக்கில் சொல்வதில்லை. கரையைப் பார்த்து வருகிற சறுக்குநரின் இடமும் வலமும்தான் கணக்கு. அதனால் கரையிலிருந்து பார்க்கும் அம்மாவுக்கு ‘ரைட்’ இடப்பக்கம் போவதாகத் தெரியும்.

5. இதுதான் நான் எழுத உட்கார்ந்த காரணம். ‘லைன்அப்’ என்றால் அலை உடைகிற இடத்துக்குச் சற்று வெளியே எல்லோரும் பலகையில் உட்கார்ந்து காத்திருக்கும் இடம். அங்கே வரிசைச் சீட்டு கிடையாது, ஆனால் சட்டம் உண்டு. பீக்குக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் மற்றவர்கள் விலக வேண்டும். அவருக்கு முன்னால் ஷோல்டரில் நீங்கள் பாய்ந்து எழுந்தால் அதற்குப் பெயர் ‘டிராப் இன்’. சந்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பார்க்காமல் பெரிய சாலைக்கு வருவதும் இதுவும் ஒன்றுதான். பலகையின் கீழே இருக்கும் ‘ஃபின்’ தோலைக் கிழிக்கும். கூர் மூக்கு கண்ணைக் குத்தும். உலகத்தில் எந்தக் கடற்கரையிலும் அலைச்சறுக்கில் நடக்கிற சண்டையில் பெரும்பங்கு இதனால்தான்.

எழும் முன் பீக் பக்கம் ஒரு முறை தலையைத் திருப்பிப் பாருங்கள். யாராவது வந்தால் பலகையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். ஓர் அலையில் இருவர் இரு திசையில் போகலாம், அதற்கு ‘லெஃப்ட்!’, ‘ரைட்!’ என்று முன்கூட்டியே கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டு எழுவது பணிவாகாது, ஆபத்து.

டிராப் இன்னைவிட மோசமானது ‘ஸ்னேக்கிங்’. காத்திருப்பவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பீக் பக்கம் உட்கார்ந்து, நான்தான் அருகில் என்று உரிமை கொண்டாடுவது. சட்டப்படி சரிபோலத் தெரியும், அற்பத்தனம். உள்ளே போகும்போதும் உடைகிற இடத்தின் நடுவே போகாதீர்கள். அகலமாகச் சுற்றிப் போங்கள். யாராவது உங்களை நோக்கிச் சறுக்கி வந்தால், நுரை உங்கள் மேல் விழுந்தாலும் பரவாயில்லை என்று நுரைப் பக்கமே போங்கள். அவர் போகவிருக்கும் பாதையை வெட்டாதீர்கள். தவறிவிட்டால் உடனே போய் மன்னிப்புக் கேளுங்கள். டெசாருவுக்கு வார இறுதியில் சிங்கப்பூர்க்காரர்கள் வருவார்கள், மலாய்ப் பிள்ளைகள் இருப்பார்கள். ‘சாரி, பாங்’ (மன்னிக்கவும், அண்ணா) என்பது எல்லோருக்கும் புரியும்.

6. ‘லீஷ்’ என்பது காலையும் பலகையையும் இணைக்கும் கயிறு. 1971 வாக்கில் கலிபோர்னியாவில் பாட் ஓ’நீல் இதைக் கொண்டுவந்தபோது ‘கூக் கயிறு’ என்று கேலி செய்தார்கள். பலகையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவனுக்கான கயிறாம். அவருடைய அப்பா ஜாக் ஓ’நீலுக்கு, சுண்டித் திரும்பிய பலகை அடித்து இடது கண் போனது. ஆக, லீஷ் ஆளையும் காக்கும், அடிக்கவும் செய்யும். விழுந்து எழும்போது ஒரு கையை முகத்துக்கு முன்னால் வைத்தபடி எழுங்கள்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டைக் கேட்டுப் பாருங்கள். லா யூனியனில் நீள்பலகைப் போட்டியில் இந்தோனேசிய வீரர் ஒருவரின் லீஷ் அறுந்து, பெரிய அலைகளுக்கு நடுவில் அவர் தத்தளித்தார். எதிர்த்துப் போட்டியிட்ட பிலிப்பீன்ஸின் ரோஜர் கசுகே தன் அலையை விட்டுவிட்டுத் திரும்பிப் போய் அவரைக் கரை சேர்த்தார். பிறகு தங்கமும் அவருக்கே. இரவல் பலகையின் லீஷை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும்.

7. விழுவதற்குத்தான் எத்தனை பெயர்! பொதுவாக ‘வைப்அவுட்’. பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி ஆளைத் தூக்கி எறிந்தால் ‘பேர்லிங்’. உடம்பை மிக முன்னால் வைத்துப் படுத்தவருக்கு அது நிச்சயம். லிப்போடு சேர்ந்து உருண்டு விழுந்தால் ‘ஓவர் தி ஃபால்ஸ்’. அடுக்கடுக்காக வருகிற அலைக்கூட்டம் ‘செட்’. அது உடைகிற இடத்தில் மாட்டிக்கொண்டால் ‘காட் இன்சைட்’. எப்படி விழுந்தாலும் தலைகுப்புறப் பாயாதீர்கள், அடியில் மணல் கிடைக்கும். தட்டையாக விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள்.

நுரை எதிரே வரும்போது பலகையை எறிந்துவிட்டு முங்குவது எல்லாப் புதியவரும் செய்வது. பின்னால் வருகிறவர் மண்டையில் அது போய் விழும். பெரிய பலகையென்றால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகப் புரளுங்கள், நுரை மேலே போய்விடும்; அது ‘டர்டில் ரோல்’. சிறு பலகையின் மூக்கை அமுக்கி அடியில் நுழைவது ‘டக் டைவ்’. அது பின்னால் வரட்டும்.

8. பலகை. உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள், ‘ஃபோமி’ என்கிற மென்பலகையாக. அழகான கண்ணாடி இழைப் பலகை உங்களையும் அடுத்தவரையும் வெட்டும், ஒரு தட்டுத் தட்டினால் ‘டிங்’ என்கிற பள்ளம் விழும், செப்பனிடக் காசு. இடது கால் முன்னால் வைத்து நிற்பவர் ‘ரெகுலர்’, வலது கால் முன்னால் வைப்பவர் ‘கூஃபி’. இரண்டில் உயர்வு தாழ்வு கிடையாது. நீள்பலகையின் நுனிக்கு நடந்து போய் பத்து விரலையும் விளிம்பில் தொங்கவிடுவது ‘ஹேங் டென்’. இரண்டு பாதம் போட்ட ‘ஹேங் டென்’ சட்டையை நம் ஊரில் பலர் போட்டிருக்கிறோம். பாதங்களுக்குப் பொருள் இதுதான்.

9. அலை எவ்வளவு பெரியது என்று மீட்டரில் வாதாடாதீர்கள். முழங்கால், இடுப்பு, தலை என்று உடம்பால் சொல்வதே வழக்கம். ஹவாய்க்காரர்கள் முதுகுப் பக்கத்திலிருந்து அளப்பார்கள், அவர்கள் சொல்லும் எண் முன்பக்க உயரத்தில் பாதிபோல இருக்கும். உங்களுக்கு இடுப்பு போதும். மணலில் உடைவது ‘பீச் பிரேக்’. நீட்டிக்கொண்டிருக்கும் முனையைச் சுற்றி உடைவது ‘பாயிண்ட் பிரேக்’, பகாங்கின் செராத்திங்கும் அறுகம்பேயும் அப்படி. பவளப்பாறை மேல் உடைவது ‘ரீஃப் பிரேக்’. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்கை தஹித்தியின் தேஅஹுபோவில் வைத்தார்களே, அது ரீஃப். தொலைக்காட்சியில் பாருங்கள், போதும்.

10. மிச்சச் சொற்கள் தானாக ஒட்டிக்கொள்ளும். ‘குரோம்’ என்றால் சிறுவயதுச் சறுக்குநர். ‘ஷாக்கா’ என்பது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நீட்டும் ஹவாய் வணக்கம். ‘கூக்’ என்றால் ஒன்றும் தெரியாமல் எல்லாம் தெரிந்ததுபோல் நடப்பவர். தெரியாமல் இருப்பதற்காக யாரும் கூக் ஆவதில்லை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவனும் குப்பத்துப் பிள்ளைகளும் கையில் இருந்ததை வைத்துக் கற்றுக்கொண்டுதான் தொடங்கினார்கள். 2013இல் அங்கே அலைச்சறுக்குத் திருவிழா வந்தது. 2025 ஆகஸ்டில் பக்கத்து மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார், தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். நம் பிள்ளைகளுக்குக் கடல் வராது என்று காப்பிக் கடையில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

11. தனியாகப் போகாதீர்கள். எந்தக் கடற்கரை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கரையில் ஒருவர் கைப்பேசியோடு இருக்கட்டும். அவசர எண் 999.