சனிக்கோளும் ஒரு சமன்பாடும்

உயர்தரக் கணிதப் பிரிவில் பயிலும் நாங்கள் காந்தப்புலம் பற்றிய பாடத்தில் ஒரு சமன்பாட்டைக் கற்கிறோம். காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இயங்கும் துணிக்கை மீதான விசை, காந்தப் பாய அடர்த்தி, ஏற்றம், வேகம் ஆகிய மூன்றினதும் பெருக்கமாகும். கடந்தகால வினாத்தாள்களில் இதற்குப் பெறுமானங்களைப் பிரதியிட்டு எத்தனையோ தடவை விடை கண்டிருப்போம். அதே சமன்பாடு சனிக்கோளின் அருகே என்ன செய்கிறது என்பதைச் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் கூற விரும்புகிறேன்.

சனியின் காந்தப்புலத்தில் மிக வேகமான புரோத்தன்களும் ஒட்சிசன் அயன்களும் அகப்பட்டுள்ளன. ஏற்றம் உள்ளவை என்பதால் அவை நேராகத் தப்பிச் செல்ல முடியாது. காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இருக்கும்.

அங்கே ஏற்றமற்ற வாயுவும் பரவியிருக்கிறது. அதில் பெரும்பகுதியைத் தருவது என்செலடஸ் என்ற சிறிய சந்திரன். அதன் விட்டம் ஏறத்தாழ 500 கிலோமீற்றர். பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரையான எமது நாட்டின் நீளத்தைவிடச் சற்றே அதிகம். அதன் தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகள்களும் பீறிட்டெழுவதைக் காசினி விண்கலம் 2005இல் கண்டறிந்தது. துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் நீர்த்திவலைகள் புகையாக எழுவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் கற்பனை செய்யலாம். ஆனால் என்செலடஸின் ஈர்ப்பு மிகக் குறைவு. ஆகவே நீராவியின் பெரும்பகுதி திரும்பி விழாமல் சனியைச் சுற்றி வளையமாகப் பரவுகிறது.

வேகமான அயன் ஒன்று இந்த வாயுவைச் சந்திக்கும்போது அதிலிருந்து ஓர் இலத்திரனைப் பறித்துக்கொள்கிறது. இதுவே ஏற்றப் பரிமாற்றம். அயன் இப்போது நடுநிலை அணுவாகிவிட்டது; வேகமோ ஏறக்குறைய மாறவில்லை. சமன்பாட்டில் ஏற்றத்துக்குப் பூச்சியத்தைப் பிரதியிடுங்கள். விசையும் பூச்சியம். சுழற்றிய கயிறு அறுந்ததும் கல் பறப்பதுபோல் அந்த அணு நேர்கோட்டில் செல்கிறது.

காசினியில் இருந்த ஒரு கருவி இவ்வணுக்களைப் பிடித்து, அவை வந்த திசைகளைக் கொண்டு படம் அமைத்தது. ஒளியால் அல்ல, அணுக்களால் ஆன படம்! சனியைச் சுற்றிவரும் கண்ணுக்குத் தெரியாத அயன் முகில்கள் அதில் தெரிந்தன. என்செலடஸின் பாதையருகே வேகமான அயன்கள் குறைந்திருப்பதற்கும் இப்பரிமாற்றமே முக்கிய காரணம். ஒரு சிறிய சந்திரனின் நீராவி, பெருங்கோளின் சூழலையே மாற்றுகிறது.

இம்முறை நமக்கு அருகிலும் பயன்பட்டது. 2008 ஒக்டோபர் 22இல் இந்தியா ஏவிய சந்திரயான்-1இன் திட்டப் பணிப்பாளர், பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த தமிழரான மயில்சாமி அண்ணாதுரை. அக்கலத்திலிருந்த சாரா என்ற கருவி, நிலவின் தரையில் மோதும் சூரியக் காற்றுப் புரோத்தன்களில் ஐந்தில் ஒரு பங்கு வரை நடுநிலை ஐதரசன் அணுக்களாகத் திரும்புவதைக் காட்டியது. அதற்கு முன்னர், ஏறக்குறைய அனைத்தும் தரையிலேயே உறிஞ்சப்படும் எனக் கருதப்பட்டது.

சகோதரிகளே, ஒரு சமன்பாட்டை மனனம் செய்தபின், அதில் ஒரு கணியம் பூச்சியமானால் என்ன நிகழும் என்றும் கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, புள்ளிகளை விசாரிக்கும்போது, படித்ததை உங்களுக்கு விளக்கும்படியும் மகளிடம் கேளுங்கள். விளக்கத் தொடங்கும்போதுதான் பாடம் எங்களுக்குச் சொந்தமாகிறது.