நூல் காட்டிய வழி

அன்புள்ள யாழினிக்கு,

மாமா எழுதுவது. நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. அண்ணன் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் வழியை அடிக்கோல் வைத்து இழுத்திருக்கிறாய். கோடு இலங்கையைத் தொட்டு, சகாராவைத் தாண்டி, அட்லாண்டிக்கில் இறங்குகிறது. அந்தக் கோட்டின் மேலேயே பறந்தால் ஏறக்குறைய 18,500 கிலோமீட்டர் ஆகும். ஆனால் இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர்தான். மிச்சம் எங்கே போயிற்று என்று உனக்குக் குழப்பம்.

அடிக்கோலை வைத்துவிட்டு ஒரு நூலை எடுத்துக்கொள். பள்ளியில் இருக்கும் உலக உருண்டையில் ஒரு முனையைச் சிங்கப்பூரிலும் மறுமுனையை நியூயார்க்கிலும் வைத்து இழுத்துப் பிடி. நூல் சகாரா பக்கமே போகாது. வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டி, மறுபக்கம் இறங்கும். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கே 74 பாகையில். கூட்டினால் 178. அதாவது இரண்டும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்கள். உருண்டையை விரித்துத் தட்டையாக்கிய தாள் இதை மறைத்துவிடுகிறது.

இனி தூரத்தை நீயே கணக்கிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வைத்துப் பெருக்கிப் பார். எனக்கு இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் அலுக்காது.

நேரத்தின் கதை வேறு. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் 17 மணி நேரம் போதும். அண்ணனின் டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் என்றிருக்கிறதே? ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். மிகப் பெரிய காரணம் காற்று. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆறுபோல் காற்று ஓடுகிறது. சில நாள் அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதன் போக்கில் போனால் லாபம், எதிர்த்துப் போனால் நஷ்டம். அதனால் விமானி குறுக்குவழியை விட்டு, பசிபிக் கடல் மீது நீண்ட வழியில் பறந்து முன்னதாகவே போய்ச் சேரும் நாட்களும் உண்டு. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருவதும் உண்டு. அப்படி வந்தால் அண்ணன் பூமியையே ஒரு சுற்று சுற்றியிருப்பான்!

கடிகாரத்தை மட்டும் நம்பாதே. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும். சிங்கப்பூரில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பினால் அங்கே காலை 6.40க்கு இறங்கலாம், அதே தேதியில்.

இந்த வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் சுமக்கக்கூடியது. எடை கூடாதிருக்கவே இருக்கைகள் 161 மட்டும்.

அண்ணன் வரும் அன்று இருக்கைத் திரையில் தெரியும் வழியைப் படம் பிடிக்கச் சொல். துருவமா, அட்லாண்டிக்கா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
மாமா