சர்க்கார் இலாகாக்களில் புதுமுறைகள் வேரூன்றாதது ஏன்?

புதிய சாகுபடி முறைகளைப் பரவச் செய்தல் விவசாய இலாகாவின் கடமையாகும். ஆயினும் அவற்றுள் பல காகிதத்தில் செழித்து வயலில் வாடுகின்றன. இதன் காரணத்தை அறிதல் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் அவசியமாம்.

1865-ம் வருஷத்தில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் சர்க்கார் பரீட்சைப் பண்ணை ஏற்பட்டது. நீராவிக் கலப்பை முதலிய சீமைக் கருவிகள் தருவிக்கப்பட்டன. சிறு வயலும் சிறு மாடும் உடைய குடியானவருக்கு அவை உதவவில்லை. கருவியை முன்னும் வயலைப் பின்னும் நோக்கியதே பிழை.

திருந்திய நெல் சாகுபடி இதற்கு மாறான வழியில் வந்தது. 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 செ.மீ. சதுர இடைவெளியில் நடுவது இம்முறை. 2003-04-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணிப் பாசனத்தில் 100 குடியானவர் நிலங்களில் பழைய நடவையும் புதிய நடவையும் அருகருகே வைத்துப் பரீட்சித்தது. பழைய நடவில் ஹெக்டேருக்குச் சராசரி 5,657 கிலோவும், புதிய நடவில் 7,227 கிலோவும் கண்டன. பக்கத்து வயல்காரரும் வரப்பில் நின்றே வித்தியாசத்தைப் பார்க்கலாயிற்று.

எனினும் இதனை அவனியாபுரம் போன்ற மதுரைச் சமவெளிக் கண்மாய்ப் பாசன நிலங்களுக்கு அப்படியே விதித்தல் தகாது. இம்முறையில் வயலைக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். கண்மாய் ஆயக்கட்டிலோ மேல் வயல் நீர் கீழ் வயலுக்கு வழிகிறது. ஒருவர் மட்டும் நினைத்தபோது வடிக்கவும் பாய்ச்சவும் இயலாது. தண்ணீர் திறக்கத் தாமதித்தால் நாற்றும் முற்றிவிடும்.

இதனை அறிந்தவர் குடியானவர். மேலிடத்துக்கு எழுத வேண்டியவர் உத்தியோகஸ்தர். எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை விதை என்று மட்டும் கேட்கும் படிவத்திலே, குடியானவர் அம்முறையை ஏன் கைவிட்டார் என்பதற்கு இடமில்லை. இலக்குக் குறைந்தால் விளக்கம் கேட்பார்களே என்ற அச்சமும் சேர, தோல்வி மறைக்கப்படுகிறது. அத்தோல்வியே அடுத்த போகத்திலும், அடுத்த கிராமத்திலும் திரும்ப விளைகிறது.

ஆகவே அனுசரிக்கத்தக்கவை:

1. புதுமுறையை முதலில் 10 சென்டில் மட்டும், பழைய முறைக்கு அருகிலேயே பரீட்சித்தல்.

2. ஆட்கூலி, நீர், விதை, மகசூல் ஆகியவற்றை இரண்டுக்கும் குறித்து வைத்தல்.

3. ஒரே மடையில் பாயும் குடியானவர்கள் கூடி, நீர் முறையை நடவுக்கு முன்பே நிச்சயித்தல்.

4. பலிக்காததையும் காரணத்தோடு எழுதியனுப்புதல்; அதை எழுதிய உத்தியோகஸ்தரை மேலதிகாரிகள் கடிந்துகொள்ளாதிருத்தல்.

5. அடுத்த போகத்துக்குமுன் சிபார்சைத் திருத்தி, மாற்றத்தைக் கிராமத்தில் தெரிவித்தல்.

விதையைப் பொறுக்கும்போது பதரை நீக்குகிறோம். பதர் உண்டு என்று ஒப்புக்கொள்பவருக்கே நல்விதை கிடைக்கும். இலாகாவுக்கும் இதுவே பொருந்தும்.