கோல்டு நீ: அட்வான்ஸ் கட்டுமுன்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் என்றதும் "கோல்டு நீ போட்டுக்கோங்க, 30 வருஷம் வரும்" என்பார்கள். அதில் தங்கம் துளிகூட இல்லை. கோபால்ட் குரோமியத்தின் மேல் சில மைக்ரான் கனத்துக்கு டைட்டானியம் நைட்ரைடோ டைட்டானியம் நியோபியம் நைட்ரைடோ பூசியிருப்பார்கள். மஞ்சள் நிறம் அந்தப் பூச்சினுடையது.

செய்ய வேண்டியவை

• கம்பெனி, மாடல், பூச்சின் பெயர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். "கோல்டு" வெறும் விற்பனைப் பெயர்.

• கவரிங் நகையோ வாட்ச் பட்டையோ போட்டுத் தோல் அரித்ததுண்டு என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். கோபால்ட் குரோமியத்தில் கொஞ்சம் நிக்கலும் உண்டு. அது கசிவதைக் குறைக்கத்தான் பூச்சு. பூச்சு கேட்க நியாயமான காரணம் இது ஒன்றுதான் என்பேன்.

• நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் இன்சர்ட் எந்த வகை என்று கேளுங்கள். முதலில் தேய்வது அதுதான்.

• பில்லில் இம்பிளாண்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லுங்கள். 2017இல் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் (என்பிபிஏ) விதித்த உச்சவரம்பு கோபால்ட் குரோமியத்துக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்ஸிடைஸ்டு சிர்கோனியம் வகைக்கு 76,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இன்றைய வரம்பையும் பார்த்துவிடுங்கள்.

• இம்பிளாண்ட் பெட்டியில் ரெஃப், லாட் நம்பரோடு ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள். 2010இல் டிப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, அதைப் பொருத்திக்கொண்ட இந்தியர்கள் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

செய்யக்கூடாதவை

• "30 வருஷம்" என்பதை நம்பாதீர்கள். இதுபோன்ற கணக்குகள் பெரும்பாலும் சிமுலேட்டர் மெஷினில் ஓட்டிப் பார்த்தவை. சாதாரண மூட்டைவிடப் பூசிய மூட்டு அதிக நாள் உழைக்கும் என்பதற்கு உறுதியான நிரூபணம் இன்னும் இல்லை.

• கறுப்பு மூட்டையும் பூச்சு என்று எண்ணாதீர்கள். ஆக்ஸினியம் எனப்படும் அந்த மூட்டில் சிர்கோனியம் கலவையைச் சூடாக்கி, அதன் மேற்பரப்பையே செராமிக்காக மாற்றுகிறார்கள்.

• "வைரம் மாதிரி" என்றதும் மயங்காதீர்கள். 1990களில் ஐரோப்பாவில் வைரத்தை ஒத்த கார்பன் பூசிய இடுப்பு மூட்டுகள் சிலவற்றில் பூச்சு உரிந்தது. பலருக்கு மறு ஆபரேஷன்.

• பூச்சுக்காக சர்ஜனை மாற்றாதீர்கள். மூட்டு கோணலாக உட்கார்ந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

• பூச்சுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். அலர்ஜி இல்லாத பெரும்பாலோருக்குச் சாதாரண கோபால்ட் குரோமியமே போதும். மிச்சப் பணத்தை பிசியோதெரபிக்கு ஒதுக்குங்கள்.