எம்பி4-ல ரெக்கார்ட் பண்ணி ஒரு மணி நேர வீடியோவை இழந்த கதை
வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் பத்தி ஒரு மணி நேரம் பேசி ரெக்கார்ட் பண்ணேன். முடிக்கப்போற நேரத்துல கரண்ட் போச்சு, யுபிஎஸ்ஸும் கைவிட்டுடுச்சு. ஃபைல் இருந்துச்சு; ஓடல. ஓபிஎஸ் ஸ்டூடியோவில் நான் எம்பி4 வச்சிருந்ததுதான் தப்பு. சாதாரண எம்பி4, எது எங்கே இருக்குங்கிற அட்டவணையை ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதும். வவுச்சர் எல்லாம் இருக்கு, லெட்ஜர் மட்டும் போடலைங்கிற மாதிரி!

நீங்க செட்டிங்ஸ், அவுட்புட் போய் ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்கேவின்னு மாத்திடுங்க. நடுவுல நின்னாலும் அதுவரை பதிவானது கிடைக்கும். அப்புறம் ஃபைல் மெனுவில் 'ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்' கொடுத்தா எம்பி4 ஆகிடும். மறுபடி என்கோட் பண்றதில்ல, அதனால தரம் குறையாது.

பிட்ரேட் 2500 கேபிபிஎஸ்னா மணிக்கு சுமார் 1.1 ஜிபி. எக்செல் ஷீட் காட்டுறதுக்கு எனக்கு அதுவே போதுமா இருக்கு. டிரைவ்ல அவ்வளவு இடம் இருக்கான்னு பார்த்துட்டு ஆரம்பிங்க.